தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை, கண்ணுக்கு எப்போது?

கடையில் இருக்கும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைத்துக்கொள்ள நாம் தவறுவதில்லை. காலம் தவறினால் அபராதம் கட்ட நேரிடும் என்பது ஒரு காரணம். எடை சரியாக இருந்தால்தான் வாடிக்கையாளர் நம்மை நம்புவார் என்பது அதைவிடப் பெரிய காரணம். அந்தத் தராசில் ஓடுகிற எண்ணைப் படிப்பது நம் கண். அந்தக் கண்ணைக் கடைசியாக எப்போது சோதித்தோம் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் விட்டத்தைப் பார்ப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். மதுரை கீழமாசி வீதியில் 30 ஆண்டுகளுக்கு மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவன் என்ற முறையில், என் அனுபவத்தோடு சில கருத்துகளை வணிக நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பேரேடு சொன்ன பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, மேலூர்ப் பக்கத்திலிருந்து நம்மிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கும் ஒரு சிறு கடைக்காரர் மாதக் கணக்கு முடிக்க வந்தார். பாக்கியைச் சொன்னேன். அவர் தன் சிட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க சொல்ற தொகையில 5,000 குறையுதே. 12-ஆம் தேதி சரக்கு 8,350 ரூபாய். உங்க பேரேட்டுல 3,350-ன்னு ஏறியிருக்கு போல" என்றார். எழுதியவன் நான்தான். சிட்டையில் இருந்த 8 என் கண்ணுக்கு 3 ஆகத் தெரிந்திருக்கிறது. அவர் வாய் திறக்காமல் போயிருந்தால் அந்த 5,000 போனது போனதுதான்.

பணம் தப்பியதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. இதே பிழை எதிர்ப்பக்கம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 3,350-ஐ 8,350 என்று ஏற்றி அவரிடம் நான் அடித்துப் பேசியிருப்பேன். "அண்ணாச்சி கணக்கில் கை வைக்கிறார்" என்று நான்கு கடைகளில் பேச்சு வந்திருக்கும். கண் மங்கியதால் வந்த பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாணயம் கெட்டுவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

இப்போது நம் தொழிலில் பொடி எழுத்து பெருகிவிட்டது. பாக்கெட்டின் அடியில் காலாவதித் தேதி, அதிகபட்ச விலை, ஜி.எஸ்.டி. எண், கைபேசியில் வந்து விழும் பணச் செய்தி எல்லாமே எறும்பு வரிசை போல இருக்கின்றன. காலாவதியான பாக்கெட் ஒன்று நம் கைவழியாக ஒரு குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தால், "எழுத்து தெரியவில்லை" என்ற பதில் எடுபடுமா?

வெள்ளெழுத்து நோயல்ல; ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது

வயது 40-ஐ ஒட்டும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் நெகிழ்வு குறைகிறது. அதனால் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்குகிறது. இதைத்தான் வெள்ளெழுத்து என்றும் சாளேசுரம் என்றும் நம் பெரியவர்கள் சொன்னார்கள். எல்லோருக்கும் வருவது, வெட்கப்பட ஒன்றுமில்லை. சிட்டையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கத் தொடங்கியவுடனே கண்ணாடிக்கு நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கண்ணாடியால் தொழிலுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அசாமில் தேயிலை பறிக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் கிட்டப் பார்வைக்கான சாதாரணக் கண்ணாடி முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களோடு ஒப்பிட சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இந்த ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. இலை பறிக்கிறவருக்கே இந்த வித்தியாசம் என்றால், நாள் முழுவதும் எண்ணோடு மல்லுக்கட்டும் நமக்கு எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நடைபாதையில் நூறு, இருநூறு ரூபாய்க்கு விற்கும் ரெடிமேட் கண்ணாடியை நான் இகழ மாட்டேன். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சாய்வுப் பார்வைக் குறை ஏதுமில்லை, வெறும் வெள்ளெழுத்துதான் என்று பரிசோதனையில் தெரிந்தவருக்கு அது போதும். ஆனால் பரிசோதனையே செய்யாமல் அதை வாங்கி வாங்கி மாட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது. அதை என் குடும்பத்திலேயே பார்த்தேன்.

என் மைத்துனர் கதை

என் மைத்துனரும் மளிகைக் கடைக்காரர்தான். முதலில் நடைபாதைக் கண்ணாடி வைத்திருந்தார். பிறகு "கண் பரிசோதனை இலவசம்" என்று பலகை வைத்த ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார். அங்கே இயந்திரத்தில் முகத்தை வைக்கச் சொல்லி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். கடைசி வரி வரை படித்தார். "கண் நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். அவரும் நான்கு ஆண்டுகள் நிம்மதியாக இருந்தார். இதற்கிடையே கடையில் பக்கவாட்டில் இருக்கும் மூட்டையில் இடித்துக்கொள்வதும், வண்டியில் போகும்போது ஓரத்தில் வருபவரைக் கவனிக்காமல் போவதும் அடிக்கடி நடந்தன. வயசாச்சு என்று சிரித்துக்கொண்டோம்.

மருமகள் வற்புறுத்தலின் பேரில் கண் மருத்துவமனைக்குப் போனபோதுதான், கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் என்று தெரிந்தது. இந்த நோய் பெரும்பாலும் வலி தராது. முதலில் ஓரப் பார்வையைத் தின்னும். நடுப் பார்வையைக் கடைசியில்தான் தொடும். அதனால்தான் எழுத்துப் பலகையை முழுவதும் படிக்க முடிந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். இன்று காலையும் மாலையும் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார்.

அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவர் சோதித்தது கண்ணாடிக்கு வேண்டிய பவரை. நாங்கள் நினைத்துக்கொண்டது கண்ணையே சோதித்துவிட்டார் என்று. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இலவசம் என்றால் என்ன என்பது நமக்குத் தெரியாததா?

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பொருளைத் தினமும் விற்கிறவர்கள் நாம். இரண்டாவதன் விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை வாடிக்கையாளருக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியும். கண்ணாடிக் கடையில் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லையென்றால், அந்தச் செலவு பிரேமிலோ லென்சிலோ ஏறியிருக்கும். அது தவறும் அன்று, வியாபாரம். ஆனால் பரிசோதனை செய்பவரின் ஊதியமே கண்ணாடி விற்பனையிலிருந்துதான் வர வேண்டும் என்றால், "உங்களுக்குக் கண்ணாடி தேவையில்லை" என்றோ, "பழைய பவரே போதும்" என்றோ சொல்ல அவருக்கு மனம் வருவது கடினம்.

ஆகவே என் யோசனை இதுதான்: பரிசோதனையையும் கொள்முதலையும் மனத்தில் பிரித்து வையுங்கள். பரிசோதனைக்குக் கட்டணம் கொடுத்தாலும் பரவாயில்லை. பவர் எழுதிய சீட்டைக் கையில் வாங்குங்கள். சீட்டு கையில் இருந்தால் எந்தக் கடையிலும் விலை கேட்கலாம். நாலு மண்டியில் விலை கேட்காமல் துவரம் பருப்பு வாங்குகிறோமா?

அமெரிக்காவில், பரிசோதனை முடிந்ததும் கேட்காமலேயே சீட்டைக் கொடுத்துவிட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதியை 1978-இலேயே கொண்டு வந்தார்கள். நம் ஊரில் கேட்டால்தான் கிடைக்கும். எனவே கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

இயந்திரம் அச்சடித்துத் தரும் தாள் ஒரு தொடக்கம் மட்டுமே. அதன்பிறகு சோதனைப் பிரேமில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று பொறுமையாகக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். தாளை மட்டும் பார்த்துக் கண்ணாடி போடுகிற இடமாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

கிட்டப் பார்வைக்கான பவர் எவ்வளவு தூரத்தில் வேலை செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. பேரேடு 40 சென்டிமீட்டரில் இருக்கலாம். தராசின் எண் 70 சென்டிமீட்டரில் இருக்கலாம். கணினித் திரை வேறொரு தூரத்தில் இருக்கும். புறப்படுவதற்கு முன் கடையில் ஒரு டேப்பை வைத்து இந்தத் தூரங்களை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். சோதிப்பவரிடம் அதைக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரே கண்ணாடியில் தூரமும் கிட்டமும் பார்க்கும் பைபோக்கல், கோடு தெரியாத புரோகிரெசிவ் என்று இரு வகை உண்டு. புரோகிரெசிவ் விலை கூடுதல், ஓரங்களில் உருவம் கொஞ்சம் நெளியும், பழக நாளாகும். கல்லாவை விட்டு நகராதவருக்குக் கிட்டத்துக்கு மட்டும் ஒரு சாதாரணக் கண்ணாடியே போதுமானதாக இருக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த இரு வகையிலும் கீழே பார்க்கும்போது கிட்டத்துக்கான பகுதி வழியாகப் பார்ப்போம். ஏணிப்படி மங்கலாகத் தெரியும். பரணில் ஏறிச் சரக்கு எடுக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

பில்லைப் பிரித்துக் கேளுங்கள். பிரேம் எவ்வளவு, லென்ஸ் எவ்வளவு, மேல்பூச்சு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பவர் குறைவாக உள்ளவருக்குச் சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸே போதும். விலை கூடிய மெல்லிய லென்ஸ், பவர் அதிகம் உள்ளவருக்குத்தான் உண்மையில் பயன்படும். ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு, இரவில் வண்டி ஓட்டுபவருக்கும் டியூப் லைட் அடியில் உட்காருபவருக்கும் நல்லது. நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸ் என்று கூடுதல் பணம் கேட்டால் யோசியுங்கள். கணினி பார்ப்பதால் வரும் கண் சோர்வை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் அறிக்கை 2023-இல் கூறியது. வரியையும் பாருங்கள். பார்வைக் கண்ணாடிக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

கண்ணாடி தயாரானதும், வந்த லோடைப் பில்லோடு ஒத்துப் பார்க்கிற மாதிரி ஒத்துப் பாருங்கள். லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டர் கருவி நல்ல கடைகளில் இருக்கும். நம் சீட்டோடு ஒத்துவருகிறதா என்று முன்னாலேயே அளந்து காட்டச் சொல்லலாம். கருமணிகளுக்கு நேராக லென்ஸின் மையம் வர வேண்டும். அதற்கு இரு கருமணிகளுக்கு இடையிலான தூரத்தை ஆர்டர் எடுக்கும்போதே அளந்திருக்க வேண்டும். நம் கடைப் பில் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோய் அங்கேயே படித்துப் பாருங்கள். ஒரு வாரம் போட்டும் தலைவலியோ தடுமாற்றமோ தீரவில்லை என்றால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

யார் கண்டிப்பாக மருத்துவரிடம் போக வேண்டும்?

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதிக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்து, நேரம் தவறிச் சாப்பிடும் நம் தொழிலில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ கண் நீர் அழுத்தம் இருந்தவர்களும், அடிக்கடி பவர் மாறுகிறவர்களும், விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறவர்களும் தள்ளிப்போடக் கூடாது. கண்ணில் திடீரென மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறப்பது போலவோ, ஒரு பக்கம் திரை விழுந்தது போலவோ இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். கடையை மூடிவிட்டு ராத்திரி பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

விழித்திரையைப் பார்க்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும். அன்று கல்லாவில் உட்கார முடியாது, வண்டியும் ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

"பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் போய்விடும், செலவும் ஆகும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒருநாள் போகும் என்பது உண்மைதான். செலவு பற்றிய பேச்சு, மதுரைக்காரர்கள் வாயிலிருந்து வரக் கூடாதது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை இங்கேதான் தொடங்கினார். பணம் உள்ளவர் கட்டணம் கொடுக்க, இல்லாதவர் இலவசமாகச் சிகிச்சை பெற, நிறுவனம் தன் காலிலேயே நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை, 1992-இல் தொடங்கிய ஆரோலேப் மூலம் மதுரையிலேயே செய்து விலையைப் பெருமளவு குறைத்தார்கள். அளவு பெருகினால் அடக்கவிலை குறையும் என்பது நம் தொழிலின் பாலபாடம். அதை மருத்துவத்தில் செய்து காட்டினார்கள். கிராமப்புறங்களில் அவர்கள் நடத்தும் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் சோதிக்க, தொலைவில் இருக்கும் மருத்துவர் திரை வழியாகப் பார்த்து ஆலோசனை சொல்கிறார். அரசு மருத்துவமனைகளின் கண் பிரிவுகளும் இருக்கின்றன. விலை குறைவு என்றால் தரம் குறைவு என்ற எண்ணத்தைக் கண் விஷயத்தில் நாம் விட்டுவிடலாம்.

சங்கத்துக்கும் கண்ணாடிக்கடை நண்பர்களுக்கும்

நம் சங்கத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். சக வணிகரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று அவர்கள் வருத்தப்படக் கூடும். மளிகையில் கலப்படம் பற்றி யாராவது பேசினால் நேர்மையான மளிகைக்காரருக்குக் கோபம் வரக் கூடாது என்பது என் கொள்கை. அவர்களிடம் என் வேண்டுகோள் மூன்றுதான். பவர் சீட்டைக் கேட்காமலேயே கொடுங்கள். பில்லைப் பிரித்து எழுதுங்கள். 40 வயதைத் தாண்டியவரிடம், "இது கண்ணாடிக்கான சோதனை மட்டும், கண் அழுத்தமும் விழித்திரையும் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்லியிருந்தால் என் மைத்துனருக்கு நான்கு ஆண்டுகள் வீணாகியிருக்காது. அப்படிச் சொல்லும் கடையை வாடிக்கையாளர் தலைமுறைக்கும் மறக்க மாட்டார்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. தராசு முத்திரைக்கு உறுப்பினர்கள் வருகிற நாட்களை ஒட்டியே ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை முகாம் ஒன்றை ஒரு கண் மருத்துவமனையின் துணையோடு நடத்தலாம். கண் அழுத்தமும் விழித்திரையும் பார்க்கும் முகாமாக அது இருக்க வேண்டும். கண்ணாடி விற்பதற்கான முகாமாக இருக்கக் கூடாது. முதலாளிகள் மட்டும் வந்தால் போதாது. கணக்குப்பிள்ளை, எடை போடுகிறவர், வண்டி ஓட்டுநர், மூட்டை தூக்குகிறவர் எல்லோரையும் அழைத்து வர வேண்டும். கண் தெரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து மறைக்கும் கணக்குப்பிள்ளைகளை நான் அறிவேன். அந்தப் பயத்தை முதலாளிதான் போக்க முடியும். கண்ணாடிச் செலவையும் கடைக் கணக்கிலேயே எழுதுங்கள். தராசு பழுதானால் கடைக் கணக்கில்தானே சரி செய்கிறோம்?

மேலூர் நண்பர் பேரேட்டைத் திருத்திவிட்டுப் போன மறுவாரம் நான் பரிசோதனைக்குப் போனேன். வெள்ளெழுத்து மட்டும்தான், அழுத்தம் இல்லை என்றார்கள். இப்போது என் மேசையில் ஒரு கண்ணாடி இருக்கிறது. தராசின் முத்திரைச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே கோப்பில் என் கண் சீட்டும் இருக்கிறது. அடுத்த முறை தராசைத் தூக்கும்போது உங்கள் கோப்பையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.